இருபது என்று எழுதியவள்

மக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்லுகேன்" என்று வைத்துவிட்டேன். உனக்கு மனசு கொஞ்சம் சுணங்கியிருக்கும். நோயாளியின் நாடியையும் மூச்சையும் தானே எண்ணுகிற உன் கம்பெனியின் மெஷின் நம் ஊர் ஆஸ்பத்திரிக்கு வருகிறது. நான் வேலை பார்த்த ஆண்கள் வார்டில்தான் முதலில் மாட்டப்போகிறார்கள். அந்த வார்டின் பழைய நர்ஸ் என்ற முறையில் நான் வந்து சுவிட்சை அழுத்தி, 'ஒரு நர்ஸ் செய்கிற வேலையை இது செய்யும்' என்று நாலு வார்த்தை பேச வேண்டும் என்றாய். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் சரி என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்கு முன்னால் இரண்டு விஷயங்களை உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டுமே நான் பொய்யாகக் கொடுத்த குறிப்புகள். ஒன்று இருபத்தெட்டு வருஷம் பழசு. இன்னொன்று நேற்று வரை நடந்துகொண்டிருந்தது.

இதைப் போனில் சொன்னால் பாதியிலேயே நீ புகுந்து என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாய். அதற்குப் பிறகு எனக்குச் சொல்ல வராது. அதனால்தான் எழுதுகிறேன். வார்டில் இப்போது வேலை பார்க்கிற ஷைனி இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். அவளும் படிக்கட்டும், அவளோடு இருக்கிற பிள்ளைகளுக்கும் காட்டட்டும். மறைக்க வேண்டியதை மறைத்து மறைத்து எனக்கு அலுத்துப்போய்விட்டது.

எங்கள் வேலையில் ஒரு சின்ன சூட்சுமம் உண்டு. நீ அந்த மெஷினைக் கட்டியவன், உனக்கும் தெரிந்திருக்கலாம். நோயாளியின் மூச்சை எண்ணும்போது, எண்ணுகிறோம் என்று அவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் மூச்சு மாறிவிடும். அதனால் முதலில் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணுவோம். எண்ணி முடித்த பிறகும் கையை விடமாட்டோம். நாடிதான் பார்க்கிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். நம் கண் அவருடைய நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். முழுதாக ஒரு நிமிஷம் அப்படி நிற்க வேண்டும். பயிற்சியில் இருந்தபோது எங்கள் சிஸ்டர் பின்னால் நின்று வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருப்பார். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கினால் அன்றைக்குச் சாப்பாட்டுக்குப் போக முடியாது.

அது பயிற்சிக் காலத்து நியாயம். வேலைக்கு வந்த பிறகு வேறு நியாயம். வளைகுடா ஆஸ்பத்திரிகள் நர்ஸுகளை அள்ளிக்கொண்டு போன காலம் அது. ஒரு மாதம் ஒருத்தி, மறு மாதம் இருவர் என்று போய்க்கொண்டே இருந்தார்கள். போனவர்களின் இடத்துக்கு ஆள் வரவில்லை, ஆஸ்பத்திரியாலும் அந்தச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. நாலு பேர் பார்த்த வார்டை இரண்டு பேர் பார்த்தோம். அதில் ஒருத்தி இன்டர்வியூவுக்கென்று கொச்சிக்குப் போய்விட்டால் நான் ஒருத்தி. ஜுரம் பார்ப்பேன், நாடி பார்ப்பேன். மூச்சு எண்ண மட்டும் நிற்கமாட்டேன். அந்தக் கட்டத்தில் எல்லாருக்கும் '20' என்று எழுதிக்கொண்டே போவேன். சுகமாக இருக்கிற மனிதனுக்கு அது பொருந்திப் போகும். நான் மட்டுமில்லை, எல்லாரும் அப்படித்தான் எழுதினோம். ஒரு டாக்டரும் கேட்டதில்லை. வார்டில் எல்லாரும் ஒரே தாளத்தில் மூச்சுவிடுகிறார்கள் என்று யாரும் சந்தேகப்படவில்லை.

உன் அப்பாவை ஜுரத்தோடு அங்கே சேர்த்தபோது உனக்கு எட்டு வயது. ஜன்னல் ஓரம் பதினான்காம் கட்டில். பஸ் டிரைவர் இல்லையா, படுத்த இடத்திலிருந்தே ரோட்டில் போகிற பஸ்ஸின் சத்தத்தை வைத்து இன்ன டிப்போ வண்டி, கியர் சரியில்லை என்று பக்கத்துக் கட்டிலுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு நான் சார்ட்டோடு வார்டைச் சுற்றினேன். அன்றும் நான் ஒருத்திதான். உன் அப்பாவிடம் வந்தபோது தெர்மாமீட்டர் வைத்தேன், நாடியை அவசரமாகப் பார்த்தேன், கையை விட்டேன்.

"ஏட்டி, எல்லாருக்க கையயும் பிடிச்சுக்கிட்டு நிக்குத. எனக்க கை மட்டும் உனக்குக் கொள்ளாதா? இஞ்ச ஒரு நிமிசம் இரி" என்றார்.

"சும்மா கெடங்க. ஆளுவ பாக்காவ" என்றேன்.

உண்மையாகவே அதுதான் காரணம், மக்கா. என் புருஷன் என்பதால் அவர் பக்கத்தில் கூடுதலாக நிற்க எனக்குக் கூச்சம். சிஸ்டர் வீட்டுக்காரரை மட்டும் கவனிக்கிறாள் என்று மற்ற கட்டில்காரர்கள் பேசுவார்கள் என்ற பயம். மற்றவர்களுக்கு நாடி பார்க்கக் கொடுத்த அரை நிமிஷத்தைக்கூட அவருக்குக் கொடுக்கவில்லை. அவர் சிரித்தார். சிரிப்பை முடிக்க முடியாமல் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கியதை நான் காதால் கேட்டேன், மனசில் வாங்கவில்லை. '20' என்று எழுதினேன். பதினைந்தாம் கட்டிலுக்குப் போனேன்.

மூன்று மணிக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். சார்ட்டைப் பார்த்தார், மூச்சு இருபது, சரி என்று அடுத்த கட்டிலுக்குப் போனார். அவரைக் குறை சொல்லமாட்டேன். நாங்கள் எழுதுவதை நம்பித்தான் அவர் முடிவெடுக்க வேண்டும். நாலரை மணிக்கு மறுபடி நான் வந்தபோது உன் அப்பாவின் தோள்கள் ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்கின. கையைப் பிடித்துக்கொண்டு முழு நிமிஷம் எண்ணினேன். முப்பத்தெட்டு. டாக்டர் ஓடி வந்தார். "ரெண்டு மணிக்கு இருபது, இப்ப முப்பத்தெட்டா சிஸ்டர்?" என்று கேட்டார். ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போய்ச் சேருவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. கடைசிவரை அவர் கையை நான் விடவில்லை. பிடித்திருக்க வேண்டிய நேரத்தில் விட்டேன், பிடித்தும் பயனில்லாத நேரத்தில் பிடித்தேன்.

இரண்டு மணிக்கே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்பாய். எனக்குத் தெரியாது. தெரியாததுதான் பெரிய தண்டனை. யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சார்ட் எங்கோ கட்டுக்குள் போய்விட்டது. ஊரில் நெஞ்சுச் சளி முற்றிப் போய்விட்டது என்றார்கள். உன்னிடமும் அதைத்தான் சொன்னேன்.

பிறகு குவைத்துக்குப் போனேன். உன் படிப்புக்கு, வீட்டுக் கடனுக்கு என்று எல்லாரிடமும் சொன்னேன். அதுவும் பொய்யில்லை. ஆனால் அந்த வார்டுக்குள் கால் வைக்க என்னால் முடியவில்லை என்பதுதான் முழுக் காரணம். உன்னை நாகர்கோவிலில் ஹாஸ்டலில் விட்டேன். அங்கே குவைத்தில்தான் முதன்முதலாக மூச்சை எண்ணுகிற மெஷினைப் பார்த்தேன். நோயாளி தூங்குகிறார், திரையில் 20 என்று வருகிறது. அது உண்மையாகவே இருபது. சற்று நேரத்தில் 22 ஆகிறது. மெஷினுக்குக் கூச்சமில்லை, அவசரமில்லை, கொச்சியில் இன்டர்வியூ இல்லை. அதன் முன்னால் நின்று அழுதேன். கூட இருந்த பிள்ளைகள் வீட்டு ஞாபகம் வந்து அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். ஆகவே நான் உன் மெஷினுக்கு எதிரி என்று மட்டும் நினைத்துவிடாதே. அப்படி ஒன்று அந்த ஜன்னல் ஓரத்தில் இருந்திருந்தால், நீ அப்பாவோடு வளர்ந்திருப்பாயோ என்னவோ.

வெள்ளிக்கிழமை தோறும் ஹாஸ்டலுக்குப் போன் போடுவேன். "சொகமா இருக்கியா மக்கா? சாப்பிட்டியா?" என்பேன். நீ "நல்லா இருக்கேம்மா" என்பாய். அதைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் நிம்மதியாக இருப்பேன். ஒன்பதாம் வகுப்பில் உனக்கு மஞ்சள்காமாலை வந்து மூன்று வாரம் படுத்திருந்தாய். மூன்று வெள்ளிக்கிழமையும் "நல்லா இருக்கேம்மா" என்றுதான் சொன்னாய். நான் லீவில் வந்தபோது ஹாஸ்டல் வார்டன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று உன்னைத் திட்டினேன். "சொன்னா வருவீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாய். நான் உன்னை மார்த்தாண்டத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஷூ வாங்கிக் கொடுத்தேன். தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ளும் வித்தையை உனக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். அதனால் இனி எழுதப்போவதை உன்மேல் குற்றமாக எடுத்துக்கொள்ளாதே.

திரும்பி வந்த பிறகு அதே ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிப் பிரிவில் ரிட்டயர் ஆகும்வரை இருந்தேன். ஆண்கள் வார்டுப் பக்கம் போகவே இல்லை. இப்போது அந்த ஆஸ்பத்திரியின் முகமே மாறிவிட்டது. நிர்வாகத்தை வெளியூர்க்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். வாசலில் டோக்கன் திரை, உள்ளே லிஃப்ட். முட்டு ஆபரேஷன் செய்தவர் எத்தனை நாள் படுக்க வேண்டும் என்பதை முட்டு சொல்வதில்லை, இன்சூரன்ஸ் பேக்கேஜ் சொல்கிறது. நர்ஸுகள் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அன்றைக்குக் குவைத், இன்றைக்கு ஜெர்மனி. சாயங்காலம் பஸ்ஸில் இந்தப் பிள்ளைகள் ஜெர்மன் பாடத்தைத்தான் உரக்கப் படித்துக்கொண்டு போகிறார்கள். போகாமல் இருக்கிற சிலரில் ஷைனி ஒருத்தி. அவளுடைய அம்மாவுக்கு டயாலிசிஸ், விட்டுவிட்டுப் போக முடியாது. நீ போன் செய்த மறுநாள் அவள் வீட்டுக்கு வந்தாள்.

"சிஸ்டர், மெஷினு வந்தா வார்டுக்கு ரெண்டு பேரு போதும்னு சொல்லுதாவ. நாங்க அஞ்சு பேரு இருக்கோம். ஒங்க மகன்தானே கொண்டு வாறாவ? ஒரு வார்த்தை கேட்டுப் பாப்பியளா?"

கேட்டேன். "அம்மா, நான் யாரையும் வேலைய விட்டு எடுக்கச் சொல்லல. ஆளே கிடைக்கல, கிடைக்கிறவங்களும் போயிடறாங்க. இது இல்லேன்னா அந்த வார்டையே மூடிடுவாங்க" என்றாய். நீ சொன்னதும் நியாயம்தான். இரண்டு பேரும் நியாயம் பேசும்போது நடுவில் உட்கார்ந்திருக்கிற கிழவி என்ன செய்வாள்? ஷைனிக்குக் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

இனி இரண்டாவது விஷயம். போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது என் கையில் அந்த வாட்ச்சைக் கட்டிவிட்டாய். நாடி, நடை, தூக்கம் எல்லாம் உன் போனுக்கு வரும் என்றாய். அதற்கு முன்பு தினமும் சாயங்காலம் கூப்பிடுவாய். என்ன கறி, மழை உண்டா, கால் வலி எப்படி என்று கேட்பாய். ஒன்றும் இல்லாத பேச்சுதான், ஆனால் ஐந்து மணியிலிருந்தே நான் போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வாட்ச் வந்த பிறகு பேச்சு குறைந்தது. 'எல்லாம் நார்மல் அம்மா' என்று மெசேஜ் வந்தது. பிறகு கட்டைவிரல் படம் மட்டும் வந்தது. எல்லாம் தெரிந்த பிறகு கேட்க என்ன இருக்கிறது? ஒரு நாள் நாடி கூடிவிட்டது என்று கம்பெனி வண்டி வந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள், நெஞ்சில் ஒயர் ஒட்டினார்கள், உனக்கு அனுப்பினார்கள், போய்விட்டார்கள். நல்ல மரியாதையான பிள்ளைகள்தான். நீதான் வந்துவிட்டாயோ என்று நான் வண்டிச் சத்தம் கேட்டதும் தலையைச் சீவிக்கொண்டு வாசலுக்குப் போயிருந்தேன்.

பக்கத்து வீட்டுச் செல்லத்தை உனக்குத் தெரியும். ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கப் போகிறவள், போகிற வழியில் என்னிடம் ஒரு கிளாஸ் சாயா குடிப்பாள். ஒரு நாள் குளிப்பதற்காக வாட்ச்சைக் கழற்றி வைத்திருந்தேன். "சிஸ்டரம்மா, இது என்ன வாச்சு, முள்ளே காணல்லியே? எனக்க கைக்குக் கொள்ளாமா?" என்று கட்டிப் பார்த்தாள். கட்டியதை மறந்து அப்படியே வேலைக்குப் போய்விட்டாள். சாயங்காலம்தான் கொண்டுவந்து கொடுத்தாள். வழக்கம்போல என் போன் பக்கத்தில் வைத்தேன், அப்போதுதான் கணக்கு உனக்கு வந்து சேரும். கொஞ்ச நேரத்தில் நீயே கூப்பிட்டாய். பத்தொன்பது நாளுக்குப் பிறகு உன் குரல். "அம்மா, சூப்பர்! பதினோராயிரம் ஸ்டெப்! எங்க போனீங்க இவ்வளவு தூரம்?" என்றாய். செல்லம் போனாள் என்று சொல்லியிருக்க வேண்டும். "சர்ச்சுக்குப் போயிட்டு அப்படியே ஆத்துப் பக்கம் நடந்தேன் மக்கா" என்றேன். பன்னிரண்டு நிமிஷம் பேசினாய்.

மறுநாள் காலையில் செல்லம் சாயாவுக்கு வந்தபோது நானே வாட்ச்சை எடுத்து அவள் கையில் கட்டிவிட்டேன். அன்றிலிருந்து இரண்டு மாதம் உன் போனில் நடந்தது செல்லம். நடுவில் அவளுக்கு ஜுரம் வந்து நாடி கூடியது, எனக்குத்தான் ஜுரம் என்று சொன்னேன், உன் கம்பெனியின் வீடியோ டாக்டர் எனக்கு மாத்திரை எழுதினார், நான் அதை வாங்கி அவளுக்குக் கொடுத்தேன். அவள் சுகமாகி வந்து, "ஒங்க மோனுக்கு எனக்க மேல நல்ல கரிசனம் உண்டும் பாத்துக்கிடுங்க" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அவள் போன பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாழ்க்கை முழுவதும் நர்ஸாக இருந்தவள், மறுபடியும் சார்ட்டில் பொய் எழுதிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு நேரமில்லாமல் எழுதினேன், இன்றைக்கு நேரம் போகாமல்.

உண்மையான குறிப்பு இதுதான். ஈஸ்டருக்குப் பிறகு சர்ச் படியில் பாதியிலேயே நின்றுவிடுகிறேன். சாயங்காலமானால் கால் வீங்குகிறது. முதலில் ஒரு தலையணை, பிறகு இரண்டு, இப்போது மூன்று வைத்துத்தான் படுக்க முடிகிறது. மூன்று தலையணை என்றால் இதயம் தளர்ந்து நெஞ்சில் நீர் கோக்கிறது என்று எந்த நர்ஸும் சொல்லுவாள். கெட்ட நம்பர் போனால் உன் கம்பெனி வண்டி வரும், நல்ல நம்பர் போனால் உன் குரல் வரும். நான் குரலை எடுத்துக்கொண்டேன். இது முட்டாள்தனம் என்று எனக்குத் தெரியும். தனியாக இருந்து பார்த்தவர்களுக்கு இந்த முட்டாள்தனம் புரியும். நேற்று ஷைனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு மூச்சுத் திட்டிவிட்டு, நாளைக் காலையில் ஆட்டோ கொண்டுவருகிறேன், அட்மிட் ஆகிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும் என்று விடியும் முன்பே உட்கார்ந்திருக்கிறேன். செல்லத்திடமிருந்து வாட்ச்சை வாங்கி என் கையில் கட்டிக்கொண்டேன். இப்போது உன் போனில் வருவது நான்தான். பதறாதே.

நீ கேட்டதற்குப் பதில்: வருகிறேன். டாக்டர் விட்டால் வீல்சேரிலாவது வந்து சுவிட்சை அழுத்துவேன். ஆனால் 'ஒரு நர்ஸ் செய்கிற வேலையை இது செய்யும்' என்று பேசமாட்டேன். இந்த வார்டில் ஒரு நர்ஸ் செய்யாமல் விட்ட வேலையை இது செய்யும், அந்த நர்ஸ் நான்தான் என்று சொல்லுவேன். உனக்குச் சங்கடமாக இருந்தால் இப்போதே வேறு ஆளைப் பார்த்துக்கொள், வருத்தப்படமாட்டேன். உன் மீட்டிங்கில் எனக்காக ஒன்று மட்டும் கேள். மெஷின் ஒரு நோயாளியிடம் நர்ஸுக்கு ஒரு நிமிஷம் மிச்சம் பிடித்துக்கொடுக்கிறதல்லவா? அந்த நிமிஷம் யாருக்கு? ஆஸ்பத்திரி அதை எடுத்துக்கொண்டு மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பலாம். இல்லை, அந்த ஒரு நிமிஷம் ஷைனி அந்தக் கட்டில் ஓரத்தில் சும்மா உட்காரலாம். எது என்று எழுதி வாங்கு. உன் அப்பா கேட்டது மூச்சை எண்ணச் சொல்லி அல்ல, பக்கத்தில் இருக்கச் சொல்லி.

என் மூச்சை நானே எண்ணிப் பார்த்தேன். முதலில் பதினாறு வந்தது, அடுத்து முப்பது வந்தது. எண்ணுகிறோம் என்று தெரிந்ததும் மூச்சு நடிக்க ஆரம்பித்துவிடுகிறது. தன் மூச்சைத் தானே எண்ண யாராலும் முடியாது, அதற்கு வேறொரு ஆள் வேண்டும். நீ ஹாஸ்டலில் கேட்டாயே, சொன்னா வருவீங்களா என்று. இப்போது நான் சொல்லிவிட்டேன்.

வா, மக்கா. மெஷின் மாட்ட வருகிற நாளுக்கு வேண்டாம், அதற்கு முன்னால் வா. கட்டில் ஓரத்தில் இரு. என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார். பார்த்து முடித்த பிறகும் கையை விட்டுவிடாதே. நீ என் நெஞ்சைப் பார்த்து எண்ணுகிறாய் என்று எனக்குத் தெரியும், தெரியாதது போலவே படுத்திருப்பேன். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கிவிடாதே.

அம்மா